ப்ரொவானில் பழைய வீடு: கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

பாரிஸின் கார் து லெஸ்த் நிலையத்திலிருந்து 'P' லைன் ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ப்ரொவான் வந்துவிடும். ஷம்பாஞ் சந்தைகளால் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் செழித்த ஊர். 2001 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு ரயில் வசதி இருப்பதால் இங்கே வீடு தேடுபவர்களிடமிருந்து கேள்விகள் வருகின்றன.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை மேல் நகரில் ஒரு வீடு பார்த்தோம். மிகவும் பிடித்துவிட்டது. "இன்றே விலையை எழுதி, 5,000 யூரோ செக்கும் கொடுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆள் எடுத்துவிடுவார்" என்கிறார் ஏஜென்ட். கொடுக்கலாமா?

செக் கொடுக்காதீர்கள். விலை சொல்லி எழுதிக் கொடுப்பது சரி. ஆனால் அந்தக் கடிதத்தோடு பணம் கேட்டு வாங்கினால் சிவில் சட்டத்தின் 1589-1ஆம் பிரிவுப்படி அந்த ஒப்புதலே செல்லாது. கடிதத்தில் "இந்த விலை 7 நாள் வரை", "வங்கிக் கடன் எடுத்து வாங்குகிறேன்" என்ற இரண்டையும் எழுதுங்கள்.

விலை நியாயமானதா என்று அரசின் தே.வே.எஃப். (DVF) தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதே தெருவில் கடந்த ஐந்து ஆண்டுகளில் விற்ற வீடுகளின் உண்மையான விலை அதில் இருக்கும். ஏஜென்ட் கமிஷன் யார் பேரில் என்பதையும் கேளுங்கள். வாங்குபவர் தருவதாக ஒப்பந்தத்தில் தனியே எழுதியிருந்தால், பதிவு வரி கமிஷன் நீக்கிய விலைக்குத்தான் வரும். அந்த மிச்சத்தை விட வேண்டாம்.

இன்னொரு முறை வாரநாளில், முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். கோடை வார இறுதிகளில் மேல் நகரம் சுற்றுலாப் பயணிகளால் நிறைந்துவிடும். அந்த நாளிலும் ஒருமுறை போய், உங்கள் காரை எங்கே நிறுத்துவீர்கள் என்று பாருங்கள்.

கேள்வி: இரண்டாம் முறை போகும்போது வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் சுவரின் அடிப்பாகம். பழைய கல் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது வெளியேறிவிடும். மேலே சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு மேலே ஏறும். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை வெள்ளைத் தூளாக உப்புப் பூத்திருக்கிறதா, பூச்சு குமிழ் விட்டிருக்கிறதா பாருங்கள். விரல் முட்டியால் தட்டினால் பொத்தென்று வெற்றுச் சத்தம் கேட்டால் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்துவிட்டது. கீழ்ப்பாகத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட், அல்லது சுவரை மறைத்துப் புதிய ஜிப்சம் பலகை என்றால் ஏன் என்று கேளுங்கள். கீழ் நகரில் வூல்சி, துர்தேன் ஆறுகள் ஓடுகின்றன, அங்கே இன்னும் கவனம் தேவை.

அடுத்து பரண். டார்ச் அடித்து, புகைபோக்கியைச் சுற்றியுள்ள மரத்தில் கருங்கறை இருக்கிறதா பாருங்கள். ஓட்டுக்கூரை பெரும்பாலும் அந்த இடத்தில்தான் ஒழுகும்.

ப்ரொவானில் மறக்கவே கூடாதது நிலவறை. இந்த ஊருக்கு அடியில் வளைவுக்கூரை அறைகளும் சுரங்கப் பாதைகளும் இருக்கின்றன. நிலத்துக்கு உரியவரே அடியில் இருப்பதற்கும் உரியவர் என்பது பொதுவிதிதான், ஆனால் பழைய பத்திரம் அதை மாற்றியிருக்கலாம். நீங்கள் பார்க்கும் நிலவறை பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கலாம், உங்களுடையது அவர் வீட்டுக்கு அடியில் நீளலாம். பத்திரத்தை நொத்தேரிடம் (விற்பனைப் பத்திரம் எழுதிப் பதியும் அரசு அங்கீகார அதிகாரி) கேட்டு வாங்கி, நிலவறை யார் பேரில் என்று வரி வரியாகப் பாருங்கள். நிலத்தடிக் குழிகள், வெள்ளம், களிமண் அசைவு பற்றி ஜியோரிஸ்க் என்ற அரசுத் தளத்தில் முகவரி கொடுத்துப் பார்க்கலாம்.

கேள்வி: ஜன்னல்களை பிவிசி பிளாஸ்டிக்குக்கு மாற்றி, கூரையில் ஒரு வெலக்ஸ் (கூரை ஜன்னல்) வைக்க நினைக்கிறோம். வாங்கிய பிறகு அனுமதி கேட்டால் போதாதா?

போதாது. பழைய ஊரில் வீடு வாங்குபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான்.

மேல் நகரம் செசார் கோபுரம், மதில் போன்ற நினைவுச்சின்னங்களின் பாதுகாப்பு எல்லைக்குள் இருக்கிறது. ஜன்னல், கதவுப் பலகையின் நிறம், ஓடு, சோலார் பலகை என வெளித்தோற்றத்தை மாற்றும் எதற்கும் நகரசபையில் முன்னறிவிப்பு மனு போட வேண்டும். அது ஆ.பே.எஃப். எனப்படும் அரசுக் கட்டடக் கலைஞரிடம் போகும். அவர் மறுத்தால் மேயராலும் அனுமதி தர முடியாது. வழக்கமாக ஒரு மாதம் ஆகும் மனு இங்கே இரண்டு மாதம் எடுக்கும். தாள் குறைந்தால், முழுமையாகக் கொடுத்த நாளிலிருந்துதான் கணக்கு. பிவிசி பெரும்பாலும் கிடைக்காது, மரச் சட்டம் கேட்பார்கள். அந்த விலைக்குத் தச்சரிடம் முன்கூட்டியே கொட்டேஷன் வாங்குங்கள்.

எனவே கொம்ப்ரொமி எனப்படும் முதற்கட்ட விற்பனை ஒப்பந்தத்துக்கு முன்பே வீட்டுப் படங்களோடு நகரசபையின் கட்டட அனுமதிப் பிரிவுக்குப் போய்ப் பேசுங்கள். அந்த வேலை இல்லாமல் வீடு உங்களுக்குப் பயன்படாது என்றால், "இந்த அனுமதி கிடைத்தால்தான் விற்பனை" என்ற நிபந்தனையை கொம்ப்ரொமியில் எழுதச் சொல்லுங்கள். விற்பவர் முன்பே பிவிசி போட்டிருந்தால் அதற்கான அனுமதித் தாளைக் கேளுங்கள். அனுமதியின்றி நடந்த வேலைக்காக, அது முடிந்து 10 ஆண்டு வரை நகரசபை நீதிமன்றம் போகலாம். அந்தத் தலைவலி வீட்டோடு உங்களுக்கு வந்துசேரும்.

கேள்வி: விலை 1,80,000 யூரோ, தே.பே.உ. (DPE) எரிசக்தி மதிப்பீடு G, அதாவது கடைசித் தரம். மொத்தம் எவ்வளவு ஆகும்? எந்தக் கட்டம் வரை பின்வாங்கலாம்?

பழைய வீட்டுக்கு நொத்தேர் செலவு சுமார் 7 முதல் 8 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 12,600 முதல் 14,400 யூரோ. இதில் பெரும்பகுதி வரி. கொம்ப்ரொமியின்போது 5 முதல் 10 விழுக்காடு முன்பணம் கேட்பார்கள். அதை நொத்தேரின் கணக்குக்கே அனுப்புங்கள், விற்பவரிடம் நேராகக் கொடுக்க வேண்டாம். உங்களுக்கென்று தனி நொத்தேர் வைத்தாலும் கட்டணம் கூடாது, இருவரும் பிரித்துக்கொள்வார்கள். அவசியம் வையுங்கள்.

கொம்ப்ரொமி பதிவுத் தபாலில் முதல்முறை வந்த மறுநாளிலிருந்து 10 நாள், காரணம் சொல்லாமலே விலகலாம். அதன் பிறகு உங்களைக் காப்பது கொம்ப்ரொமியில் எழுதிய நிபந்தனைகள் மட்டுமே. முக்கியமானது "வங்கிக் கடன் கிடைத்தால்தான் விற்பனை" என்ற கடன் நிபந்தனை. அதில் தொகை, அதிகபட்ச வட்டி, ஆண்டுகள் மூன்றும் எழுதப்படும். நீங்கள் எழுதியதைவிடக் கூடுதல் தொகை கேட்டு, அதனால் வங்கி மறுத்தால், அந்த மறுப்புக் கடிதம் செல்லாமல் போய் முன்பணத்தை இழக்க நேரலாம்.

G வீட்டை 2025 ஜனவரி 1 முதல் புதிதாக வாடகைக்கு விட முடியாது. விற்பவர் எரிசக்தி ஆடிட் அறிக்கை தந்தாக வேண்டும். அதிலுள்ள செலவு மதிப்பைக் காட்டி விலை பேசுங்கள். ஆனால் வெளிச்சுவர்க் காப்பை அறிக்கை பரிந்துரைத்திருந்தால் ஆ.பே.எஃப். அதை ஏற்பது கடினம். உள்பக்கக் காப்புக்குத் தனியாகக் கணக்குக் கேளுங்கள்.

கேள்வி: புதுச்சேரியில் இருக்கும் அப்பாவும் பங்கு போடுகிறார். அவர் பாரிஸ் வர வேண்டுமா?

வேண்டியதில்லை. நொத்தேர் தயாரிக்கும் அதிகாரப் பத்திரம் போதும். அவருக்கு பிரெஞ்சு தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எந்தக் குடியுரிமை உள்ளவரும் பிரான்சில் வீடு வாங்கலாம், ஆனால் வீடு வாங்கியதால் விசா கிடைக்காது. பணம் அவர் பெயரிலுள்ள கணக்கிலிருந்து வங்கி வழியாகவே வரட்டும், எப்படி வந்த பணம் என்று நொத்தேர் கேட்பார். இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலருக்கு மேல் அனுப்ப முடியாது. வங்கி வேலைக்கு நாள் பிடிக்கும், ஆகவே கொம்ப்ரொமி கையெழுத்தான வாரமே தொடங்கிவிடுங்கள்.