நான்காவது பரிமாணத்தை வரைந்து புரிந்துகொள்ள முடியுமா?

கேள்வி: "கணிதத்தைப் பன்னிரண்டாம் வகுப்போடு விட்டுவிட்டேன். நான்காவது பரிமாணம் என்கிறார்களே, அதைப் படம் வரைந்தாவது புரிந்துகொள்ள வழி இருக்கிறதா? எங்கிருந்து தொடங்கலாம்?"

முடியும். நான் புதுச்சேரி லாஸ்பேட்டையில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். கல்லூரியில் கணிதம் எடுத்துப் படித்தவள் இல்லை. பரிமாணங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி தாளிலும் வாசலிலும் வரைந்து தெரிந்துகொண்டதுதான். அதனால் நம்பிக்கையோடு சொல்கிறேன், ஸ்கேலும் பென்சிலும் போதும்.

ஒரே ஒரு வேண்டுகோள். யூடியூபில் உள்ளும் புறமுமாகப் புரண்டு சுழலும் கனசதுர வீடியோக்களை முதலில் பார்க்காதீர்கள். அவை பிரமிப்பைத் தரும், பிடிமானம் தராது. நான்கு பரிமாணப் பொருளை மனக்கண்ணில் பார்க்க முயன்று தலைவலி வந்தவர்கள் நிறைய. பார்க்க வேண்டியதில்லை. அதைக் கட்டும் விதியைக் கை பழகிக்கொண்டால், படத்தில் எது எங்கே இருக்கிறது என்று எண்ணிச் சொல்ல முடியும். புரிதல் அங்கேதான் தொடங்குகிறது.

விதி எளிது. ஒரு புள்ளி வையுங்கள். அதைப் பக்கவாட்டில் இழுத்தால் கோடு. கோட்டை அதற்குச் செங்குத்தாக இழுத்தால் சதுரம். சதுரத்தைத் தாளை விட்டு மேலே இழுத்தால் கனசதுரம். ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் பழைய வடிவம் இரண்டாகிறது, பழைய மூலை ஒவ்வொன்றும் ஒரு புதிய விளிம்பை விட்டுச் செல்கிறது. சதுரத்தில் 4 மூலை, 4 விளிம்பு. கனசதுரத்தில் மூலை 8. விளிம்பு 4 + 4, அதோடு இழுத்ததில் வந்த 4, ஆக 12. சரி, இன்னொரு முறை இழுப்போம். எந்தத் திசையில் என்று கவலைப்பட வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் பாருங்கள். மூலை 16. விளிம்பு 12 + 12 + 8 = 32. சதுர முகங்கள் 6 + 6 + 12 = 24. கனசதுரங்கள் 1 + 1 + 6 = 8. இதற்கு டெசரக்ட் என்று பெயர். யாராலும் கையில் எடுத்துப் பார்க்க முடியாத ஒரு பொருளைப் பற்றி நான்கு உண்மைகள் இப்போது உங்களிடம் இருக்கின்றன.

இனி அதை வரைய வேண்டும். முதலில் கனசதுரத்தின் நிழலைப் பாருங்கள். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்துப் பள்ளியில் செய்வோமே, அப்படி ஒரு கூட்டைக் கட்டி, இருட்டில் செல்போன் டார்ச்சுக்கு முன்னால் பிடியுங்கள். சுவரில் பெரிய சதுரம், அதற்குள் சின்ன சதுரம், மூலைகளை இணைக்கும் நான்கு சாய்ந்த கோடுகள் விழும். அந்தச் சாய்ந்த நாற்கரங்கள் நான்கும் உண்மையில் சதுரங்கள் என்பது உங்களுக்குத் தெரியும், நிழல்தான் அவற்றைச் சாய்த்திருக்கிறது. பெரிய கனசதுரத்துக்குள் சின்னக் கனசதுரம் வரைந்து டெசரக்ட் என்று காட்டுகிறார்களே, அதுவும் இதே வகை நிழல்தான். நடுவில் நறுக்கிய கோபுரம்போல் சாய்ந்து நிற்கும் ஆறு துண்டுகளும் உண்மையில் முழுக் கனசதுரங்கள். நிழலைப் படிக்கத் தெரிந்துவிட்டால் அந்தப் படம் பாதி விளங்கிவிடும்.

ஆனால் நான் மிகவும் விரும்பி வரைவது வேறொரு நிழல். டார்ச்சுக்குப் பதிலாக வெயில். எல்லா விளிம்பும் ஒரே நீளமாக விழும் கோணம். கனசதுரத்துக்கு அதை வரைய 60 பாகை இடைவெளியில் மூன்று திசைகள் வேண்டும். ஒரு புள்ளியை முதல் திசையில் இழுங்கள், வந்த கோட்டை இரண்டாம் திசையில், வந்த சாய்சதுரத்தை மூன்றாம் திசையில். ஒழுங்கான அறுகோணம் வரும். எட்டு மூலைகளில் ஆறு வெளியே நிற்கும், மீதி இரண்டும் நடுவில் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிடும்.

இப்போது 45 பாகை இடைவெளியில் நான்கு திசைகள் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா விளிம்பும் ஐந்து சென்டிமீட்டர். பாகைமானியையும் ஸ்கேலையும் வைத்து அதே மாதிரி நான்கு முறை இழுங்கள். எட்டு மூலைகள் வெளியே ஓர் எண்கோணமாக நிற்கும். மற்ற எட்டும் உள்ளே சின்ன எண்கோணமாக நிற்கும். உள்ளிருக்கும் எட்டையும் இணைக்கும் கோடுகள் எட்டு முனை நட்சத்திரமாகப் பின்னிக்கொள்ளும். நடுவில் எந்த மூலையும் கிடையாது, காலியாகவே இருக்கும். விளிம்புகளை எண்ணுங்கள்: வெளியே 8, நட்சத்திரத்தில் 8, இரண்டுக்கும் நடுவே 16. மொத்தம் 32. முன்பு கணக்கில் வந்த அதே 32, இப்போது உங்கள் கையாலேயே போட்ட கோடுகளாக.

ஒரு திசைக்கு ஒரு நிறம் என்று நான்கு ஸ்கெட்ச் பேனா எடுத்து அந்தக் கோடுகளின்மேல் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு நிறத்திலும் சரியாக எட்டுக் கோடுகள், எல்லாம் ஒன்றுக்கொன்று இணை. எந்த மூலையைத் தொட்டாலும் நான்கு நிறமும் அங்கே வந்து சேரும். நான்கு பரிமாணம் என்பதன் பொருள் இவ்வளவுதான்: ஒரு மூலையில் நின்றால், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு வழிகளில் கிளம்ப முடியும். பிறகு ஏதாவது மூன்று நிறங்களை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள், ஒரு கனசதுரம் கிடைக்கும். எட்டுக் கனசதுரங்களையும் இப்படித் தேடிக் கண்டுபிடிக்கலாம். என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ஒரே படத்துக்குள் கனசதுரம் மாறி மாறி வெளியே வரும்.

நிழல் ஒரு வழி என்றால் வெட்டு இன்னொரு வழி. சேனைக்கிழங்கில் சம அளவுள்ள கனசதுரங்கள் சில நறுக்கிக்கொள்ளுங்கள் (உருளைக்கிழங்கும் ஆகும், சேனை உறுதியாக நிற்கும்). ஒரு மூலையிலிருந்து நேர் எதிர்மூலைக்குப் போகும் கோட்டை மனதில் வைத்து, அதற்குக் குறுக்காக ஒவ்வொன்றையும் ஒவ்வோர் ஆழத்தில் வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் பெயின்ட் தடவி வரிசையாகத் தாளில் ஒற்றி எடுங்கள். முதலில் சின்ன முக்கோணம், அடுத்து பெரிய முக்கோணம், பிறகு மூலைகள் மழுங்கிய முக்கோணம், நட்ட நடுவில் ஒழுங்கான அறுகோணம், அப்புறம் அதே வரிசை தலைகீழாகத் திரும்பி வந்து மறையும். தாளுக்குள்ளேயே வாழும் ஓர் உயிர் இருந்தால், அதன் உலகத்தைக் கனசதுரம் கடந்து போகும்போது அது காண்பது இந்த வரிசையைத்தான். டெசரக்ட் இதேபோல மூலை முன்னால் வர நம் அறையைக் கடந்து போனால், ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு சின்ன நான்முகி (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவம்) தோன்றும், வளரும், முனைகள் மழுங்கும், நடுவில் எட்டு முக்கோண முகங்கள் கொண்ட எண்முகியாகும், பிறகு திருப்பிப் போட்ட நான்முகியாகிச் சுருங்கி மறையும்.

இந்த வெட்டு வழியைக் கடைசி வரை கொண்டுபோன ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அலிசியா பூல் ஸ்டாட், 1860இல் பிறந்தவர். இன்றைய கணினிகளின் அடிப்படையான பூலியன் இயற்கணிதத்தைத் தந்த ஜார்ஜ் பூலின் மகள். தந்தை இறந்தபோது அவருக்கு நான்கு வயது. பல்கலைக்கழகப் படிப்பு கிடைக்கவில்லை. சார்லஸ் ஹின்டன் என்பவர் நான்காவது பரிமாணத்தைப் பழக்குவதற்காக அந்த வீட்டுப் பெண்களிடம் சின்னச் சின்ன மரக்கட்டைகளைக் கொடுத்தார். அலிசியா அதைப் பிடித்துக்கொண்டு ஹின்டனையே தாண்டிப் போய்விட்டார். கனசதுரத்தைப்போல எல்லாப் பக்கமும் ஒரேமாதிரியான, உட்குழிவில்லாத ஒழுங்கு வடிவங்கள் நான்கு பரிமாணத்தில் ஆறுதான் இருக்க முடியும் என்று தானாகவே கண்டறிந்தார். லுட்விக் ஷ்லாஃப்லி என்ற கணிதவியலாளர் அதை ஏற்கனவே கண்டுபிடித்திருந்தது அவருக்குத் தெரியாது. அந்த வடிவங்கள் நம் உலகத்தைக் கடக்கும்போது எப்படியெல்லாம் தெரியும் என்று வெட்டு வெட்டாக அட்டையில் செய்து வைத்தார். பின்னாளில் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்கௌட்டே அவரோடு சேர்ந்து உழைத்தார். 1914இல் அந்தப் பல்கலைக்கழகம் அலிசியாவுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. குடும்பத்தையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டு, அட்டையும் கத்தரியுமாக ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார். "கணிதப் பின்னணி இல்லையே" என்று தயங்குகிறவர்களிடமெல்லாம் நான் இவர் கதையைத்தான் சொல்வேன்.

பரிமாணம் என்றால் நான்கு, ஐந்து என்று மேலே போவது மட்டும்தானா? ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவிலும் இருக்கிறது. இந்தப் பக்கம் நம் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் வசதி உண்டு, வாசலில் கோலம் இருக்கிறது.

அளவை இரண்டு மடங்காக்கினால் பொருள் எத்தனை மடங்காகிறது என்று கேளுங்கள். கோடு 2 மடங்கு. சதுரம் 4. கனசதுரம் 8. பரிமாணம் ஏற ஏற இந்த எண்ணும் இரட்டிக்கிறது. இப்போது சதுரமாகப் புள்ளி வைத்த சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு ஐந்து புள்ளியில் ஒன்று, பத்துக்குப் பத்தில் ஒன்று, புள்ளிகளுக்கு நடுவே ஒரே இடைவெளி. இரண்டின்மேலும் கம்பளி நூலை வைத்து நீளத்தை அளந்து பாருங்கள். பக்கம் இரண்டு மடங்குதான் ஆனது, நூலோ ஏறக்குறைய நான்கு மடங்கு வேண்டியிருக்கும். கம்பிக்கோடு என்னவோ கோடுதான். ஆனால் எல்லாப் புள்ளியையும் சுற்றி வந்தாக வேண்டும் என்பதால் அது பரப்பைப்போல வளர்கிறது. புள்ளிகளை நெருக்கிக்கொண்டே, கோலத்தைச் சிக்கலாக்கிக்கொண்டே முடிவில்லாமல் போனால் என்ன ஆகும்? கணிதவியலாளர்கள் ஜுசெப்பே பியானோ 1890இலும் டேவிட் ஹில்பர்ட் 1891இலும் இப்படியொரு கேள்விக்குத்தான் பதில் எழுதினார்கள்: ஒரு சதுரம் முழுவதையும் நிரப்பிவிடும் வளைகோடு உண்டு. சின்னக் கோலத்தைப் பிரதி எடுத்து இணைத்துப் பெரிய கோலமாக்கும் விதிகளை, தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் இருந்தவர்களும் 1970களில் கணினி இலக்கணமாகவே எழுதி ஆராய்ந்திருக்கிறார்கள். மார்கழியில் தெருவை அடைத்துப் போடும் கோலங்களை அந்தக் கண்ணோடு பார்த்தால் நின்றுவிடத் தோன்றும்.

இன்னொரு கோலம் சொல்கிறேன், முக்கோணமாக இறங்கும் புள்ளிகளில். உச்சியில் ஒரு புள்ளி, அதற்குக் கீழே இரண்டு, பிறகு மூன்று என்று பதினாறு வரிசை வையுங்கள். உச்சிப் புள்ளிக்கும், இரண்டு ஓரங்களிலும் உள்ள புள்ளிகளுக்கும் காவி நிறம் கொடுங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே இரண்டு புள்ளிகள் இருக்கும். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் நிறம் இருந்தால் இதற்கும் நிறம். இரண்டுக்கும் இருந்தாலோ இரண்டுக்கும் இல்லாவிட்டாலோ இதை விட்டுவிடுங்கள். முக்கோணத்துக்குள் தலைகீழ் முக்கோண ஓட்டைகளாக ஒரு சல்லடை வரும். மேலே உள்ள இரண்டு எண்களைக் கூட்டிக் கீழே எழுதிக்கொண்டே போகும் மேரு பிரஸ்தாரத்தில், அதாவது பாஸ்கல் முக்கோணத்தில், ஒற்றைப்படை எண்கள் நிற்கும் இடம் இதுதான். இதையே போலந்துக் கணிதவியலாளர் சியர்பின்ஸ்கி 1915இல் எடுத்துப் பேசினார். நிறப் புள்ளிகளை எண்ணுங்கள்: நான்கு வரிசைக்கு 9, எட்டுக்கு 27, பதினாறுக்கு 81. வரிசை இரட்டிக்கும்போது புள்ளி மும்மடங்காகிறது. இரண்டாக இருந்தால் கோடு, நான்காக இருந்தால் பரப்பு, இது மூன்று. ஆகவே இதன் பரிமாணம் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில், சுமார் 1.585. இதை முதலில் எண்ணிப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கடற்கரையையும் இப்படி அளக்கலாம். வரைபடத்தை அச்செடுத்து அதன்மேல் கட்டங்கள் போடுங்கள், கரை தொடும் கட்டங்களை எண்ணுங்கள், பிறகு கட்டத்தைப் பாதியாக்கி மறுபடி எண்ணுங்கள். கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையைப்போல நேராக ஓடும் கரையில் எண்ணிக்கை கிட்டத்தட்ட இரட்டிக்கும், அதாவது பரிமாணம் ஒன்றுக்கு அருகில். அதே மாவட்டத்தில் பிச்சாவரத்துக்குப் போய், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அலையாத்திக் காட்டுக்குள் பிரிந்து பிரிந்து போகும் ஓடைகளின் கரையை எண்ணிப் பாருங்கள். இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். கணிதவியலாளர் மாண்டல்பிராட் 1967இல் எழுதிய கட்டுரையில் இந்தப் பரிமாணம் பிரிட்டனின் மேற்குக் கரைக்கு 1.25, வழவழப்பான தென் ஆப்பிரிக்கக் கரைக்கு 1.02 என்று வரும். புதுச்சேரி வட்டாரத்தின் எல்லையையும் இதே கட்டத்தில் போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டுக்குள் துண்டு துண்டாகச் சிதறி நிற்கும் எல்லை அது, எண்ணுவதற்கு அருமையான பயிற்சி.

வரைபடத்தால் கிடைக்காதவையும் உண்டு. நான்கு பரிமாணத்தில் சுழற்சி எப்படி நடக்கிறது என்பதற்குத் தாள் போதாது. அதற்கு ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் நீங்களே புள்ளிகளைக் கொடுத்துச் சுழற்றிப் பாருங்கள். மேலே சொன்ன எண்கோணத்தைக் கையால் வரைந்த பிறகு அந்தச் சுழற்சி மிரட்டாது, ஏனென்றால் எந்தக் கோடு எந்த நிறம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

தொடங்கும் வரிசை என்று கேட்டால்: முதலில் 60 பாகை அறுகோணம், உடனே 45 பாகை எண்கோணம், பிறகு சேனைக்கிழங்கு அச்சு, அப்புறம் முக்கோணக் கோலம். சாதா ஏ4 தாளே போதும். பிடித்துப்போய் சட்டம் போட்டு மாட்டத் தோன்றினால் இங்கே அரவிந்தர் ஆசிரமத்துக் கையால் செய்த காகிதம் நன்றாக இருக்கும், ஒரு துண்டில் மை பரவுகிறதா என்று பார்த்துவிட்டு வரையுங்கள். எண்கோணம் கைக்கு வந்ததும் 36 பாகை இடைவெளியில் ஐந்து திசைகள் எடுத்து ஐந்தாவது பரிமாணத்துக்குப் போங்கள். 32 மூலை, 80 விளிம்பு. அதில் மறுபடியும் இரண்டு மூலைகள் நடுவில் ஒன்றாக வந்து உட்காரும். படத்தைப் பின்னூட்டத்தில் போட்டால் சேர்ந்து எண்ணுவோம்.