ஏரி குத்தகைக்கு, பறவையுமா?

கேள்வி: எங்கள் ஊர் ஏரி பொதுப்பணித்துறை ஏரி, சரணாலயம் கிடையாது. மழை முடிந்ததும் சிறவியும் நாமக்கோழியும் வந்து இறங்குகின்றன. மீன்பாசி குத்தகைக்காரரின் ஆட்கள் வலை கட்டிப் பறவை பிடிக்கிறார்கள். குத்தகையில் அதுவும் அடக்கமாம். அப்படியானால் ஊர்க்காரர்கள் நாங்களும் ஏர்கன் எடுத்து நாலு சுடலாமா?

பதில்: கூடாது. அவர்கள் பிடிப்பதும் குற்றம்தான்.

ஏரி யாருடையது என்பதிலிருந்து தொடங்கினால் இந்தக் கேள்வி தடம் மாறிவிடும். பொதுப்பணித்துறை ஏரி, ஊராட்சிக் குளம், உங்கள் சொந்தப் பட்டா நிலத்துக் குட்டை, எதுவானாலும் ஒன்றுதான். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இல் வேட்டையைத் தடை செய்யும் 9-ஆவது பிரிவு பார்ப்பது பறவையை. அது நிற்கும் தண்ணீரை அல்ல. குத்தகை கொடுத்த அலுவலகத்துக்கே பறவையின் மேல் உரிமை இல்லாதபோது, குத்தகைக்காரருக்கு எங்கிருந்து வரும்?

பெரியவர்கள் யாராவது ‘அந்தக் காலத்தில் லைசென்ஸ் வாங்கிச் சுட்டோம்’ என்றால் அது பொய்யில்லை. 1972 சட்டத்திலேயே வேட்டை உரிமத்துக்கு இடமிருந்தது. 1991 திருத்தம் அதை எடுத்துவிட்டது. ஏர்கன் வாங்க உரிமம் வேண்டுமா என்பது ஆயுதச் சட்டத்தின் கவலை. துப்பாக்கிக்கு உரிமம் இருந்தாலும் பறவையைச் சுட அது உதவாது.

‘வேட்டை’ என்பதற்குச் சட்டம் தரும் பொருள் மிக அகலமானது. சுடுவதோடு கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, விரட்டிப் பிடிப்பது, முட்டையை உடைப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாம் வேட்டை. முயன்று பிடிபடாமல் போனாலும் வேட்டைதான். நம் நீர்ப்பறவைகளில் பெரும்பாலானவை இந்தச் சட்டத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன: மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கரண்டிவாயன் போல முதல் பட்டியல் பறவை சிக்கினாலோ, இடம் சரணாலயமாக இருந்தாலோ குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு.

ஒரு வழக்கின் மகஜர், அதாவது கைப்பற்றிய பொருட்களின் பதிவு, நினைவுக்கு வருகிறது: நரம்பு வலை இரண்டு, மூங்கில் குச்சி பதினான்கு, சாக்கில் கால் கட்டிய மடையான் ஆறு, மோட்டார் சைக்கிள் ஒன்று. ஜாமீன் சீக்கிரம் கிடைத்தது. வண்டியை மீட்கத்தான் ஒரு வருடம் நீதிமன்றப் படியேறினார்கள். குற்றத்துக்குப் பயன்பட்டுப் பறிமுதலான வண்டி அரசின் சொத்து என்கிறது 39-ஆவது பிரிவு.

நாற்றங்காலைப் பறவை மேய்கிறது என்றால் மட்டும் ஒரு சிறு வாசல் உண்டு. தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ காரணம் குறிப்பிட்டு எழுத்தில் உத்தரவு தரலாம். வாய்ச்சொல் செல்லாது.

சரணாலயம் ஆன பிறகுதான் காவல் என்று காத்திருக்கவும் வேண்டாம். வேடந்தாங்கல்காரர்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக் கூடாது என்று கலெக்டரிடம் எழுதி வாங்கியது 1798-இல். எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வலையை நீங்களே அறுக்காதீர்கள். சாட்சியமும் போகும், கைகலப்பும் வரும். வலையும் கரையும் ஒரே சட்டகத்தில் தெரிய படம் எடுத்து, தேதி, நேரத்துடன் வனச்சரக அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அவர் தொலைவில் இருந்தால் காவல் நிலையத்துக்குப் போகலாம். சப்-இன்ஸ்பெக்டரும் அதற்கு மேற்பட்டவர்களும் பறிமுதல் செய்ய முடியும். கூடவே, குத்தகை உத்தரவின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, ‘பறவை’ என்ற சொல் எந்த வரியில் இருக்கிறது என்று அந்தக் குத்தகைக்காரரையே காட்டச் சொல்லுங்கள்.