ஏபிசிடி பாடத் தெரிகிறது, எழுத்தைக் காட்டினால் தெரியவில்லை

கேள்வி: என் மகளுக்கு நான்கே முக்கால் வயது. ஏ முதல் இசட் வரை ராகத்தோடு தடங்கல் இல்லாமல் பாடுகிறாள். எழுத்துகளைக் கலைத்துக் காட்டினால் பாதிக்கு மேல் தெரியவில்லை. சின்ன ஏபிசிடியில் பி-யையும் டி-யையும் மாற்றி மாற்றி எழுதுகிறாள். ஒரு பயிற்சி மையத்தில் காட்டியதற்கு, 'இது டிஸ்லெக்சியா அறிகுறி, ஆறு மாத ஃபோனிக்ஸ் (எழுத்தின் ஒலி வழியாகப் படிக்கக் கற்றுத்தரும் முறை) பேக்கேஜில் சேர்த்துவிடுங்கள்' என்கிறார்கள். பள்ளியிலோ தினமும் ஒரு எழுத்தை ஒரு பக்கம் முழுக்க எழுதிவரச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது. சேர்த்துவிடவா?

பதில்: சேர்க்க வேண்டாம். இந்த வயதில் இரண்டு எழுத்துகள் மாறுவதை மட்டும் வைத்து டிஸ்லெக்சியா, அதாவது படிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு, என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஏழு வயது வரை எழுத்துகளைத் திருப்பிப் போடுவது மிகச் சாதாரணம்.

முதலில் ஒரு ஏற்பாடு. தமிழில் எழுதினால் ஆங்கிலத்தின் இரண்டு எழுத்துகள் 'பி' ஆகிவிடுகின்றன, இரண்டு எழுத்துகள் 'டி' ஆகிவிடுகின்றன. அதனால் பஸ் பி, பென் பி, டாக்டர் டி, டேபிள் டி என்று பிரித்துச் சொல்கிறேன். உங்கள் மகள் மாற்றி எழுதுவது பஸ் பி-யையும் டாக்டர் டி-யையும்.

ஏன் மாறுகிறது? கப்பின் கைப்பிடி இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் அது கப்தான். பிறந்ததிலிருந்து குழந்தையின் மூளை கற்ற பாடம் அது. முதல்முறையாக ஆங்கில எழுத்துதான் அதை மறுக்கிறது: கோட்டுக்கு வலப்பக்கம் வயிறு இருந்தால் பஸ் பி, இடப்பக்கம் இருந்தால் டாக்டர் டி. கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பினால் இன்னொரு எழுத்தாகிவிடும் ஜோடி தமிழில் இல்லை. எனவே தமிழைச் சரியாக எழுதும் குழந்தை ஆங்கிலத்தில் திணறினால் அதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை.

மருந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'வித்தியாசம் பார்' என்று சொல்லாமல் இருப்பது. அப்படிச் சொன்னால் குழப்பம்தான் ஆழமாகப் பதியும். டாக்டர் டி-யை சி எழுத்தோடு சேர்த்துக் கற்றுக்கொடுங்கள்: முதலில் சி, அப்படியே மேலே ஏறி, நேராகக் கீழே இறங்கு. சின்ன ஏ, ஜி, ஓ, க்யூ ஆகியவையும் இப்படிச் சி-யில் பிறப்பவைதான். பஸ் பி வேறு குடும்பம்: எச், என், எம், ஆர், பென் பி மாதிரி முதலில் நேர்க்கோடு, அதே கோட்டில் மேலேறி, வலப்பக்கம் வளைவு. டாக்டர் டி என்றால் வட்டத்தில் தொடக்கம், பஸ் பி என்றால் கோட்டில் தொடக்கம். கண்ணுக்குப் பிடிபடாத திசை இப்படிக் கைக்குப் பழகிவிடும். ஒன்று நன்றாகப் படிந்து மூன்று வாரமாவது ஆன பிறகே மற்றதைத் தொடுங்கள்.

இனி பாட்டு. பாடட்டும், தடுக்காதீர்கள். ஆனால் பாட்டு எழுத்தறிவு ஆகாது. அந்த மெட்டில் எல், எம், என், ஓ, பி ஐந்தும் ஒரே மூச்சில் ஓடிவிடுகின்றன. 'எலமெனோபி' என்று ஒரே எழுத்து இருப்பதாகவே பல குழந்தைகள் நினைக்கிறார்கள். அகரவரிசை தேவைப்படுவது அகராதி புரட்டும் வயதில்தான்.

எழுத்தின் பெயரை நம்பியும் ஏமாறாதீர்கள். நம் 'ம' என்ற எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்று. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. பெயர் 'டபிள்யூ', ஒலி 'வ்'. பெயர் 'வை', ஒலி 'ய்'. பெயர் 'எச்', ஒலி 'ஹ்'. அதனால் முதலில் ஒலி, பெயர் பிறகு. இங்கே தமிழ்க் குழந்தைக்குப் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. ஃபோனிக்ஸ் வகுப்புகள் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுக்கும் உயிரில்லாத மெய்யொலி நம்மிடம் புள்ளி வைத்த எழுத்தாகவே இருக்கிறது. 'ம' என்று சொல்லாமல் 'ம்' என்று சொல்லச் சொல்லுங்கள், அவ்வளவுதான். 'ஸ, அ, ட' என்று சொன்னால் மூன்றும் ஒருபோதும் ஒரு சொல்லாக ஒட்டாது. 'ஸ்ஸ்ஸ், ஆ, ட்' என்றால் 'ஸாட்' தானாக வந்து விழும்.

எந்த எழுத்தில் தொடங்குவது? எஸ், ஏ, டேபிள் டி, பென் பி, ஐ, என். இந்த ஆறே ஆறை வைத்து ஸாட், பின், டாப், டின், சிட் என்று நிறையச் சொற்கள் படிக்கலாம். ஏ, பி, சி, டி வரிசையில் போனால் அந்தச் சந்தோஷம் கிடைக்கப் பல வாரங்கள் ஆகும். இது ஏதோ ஒரு மையத்தின் ரகசிய முறை இல்லை. 2007-ல் இங்கிலாந்து அரசு இலவசமாக வெளியிட்ட ஃபோனிக்ஸ் வழிகாட்டி இந்த ஆறில்தான் தொடங்குகிறது. அடுத்து எம், டாக்டர் டி. பிறகு ஜி, ஓ, சி, கே, ஈ, யு, ஆர், எச். அதற்கும் பிறகுதான் பஸ் பி. சிக்கல் பிடித்த இரண்டுக்கும் நடுவே எட்டு எழுத்துகளை வைத்திருக்கிறார்கள் பாருங்கள். நான் மேலே சொன்ன எழுதும் குடும்பம் பென்சில் பிடிக்கும்போது. இந்த வரிசை படிக்கும்போது.

தினமும் பத்தே நிமிடம், வாரத்துக்கு இரண்டு புது எழுத்து. உள்ளங்கை அளவு அட்டையில் சின்ன எழுத்தாக எழுதுங்கள். புத்தகத்தின் பக்கங்களில் பெரும்பாலும் இருப்பது சின்ன ஏபிசிடிதான். பெரிய எழுத்துக்கு இப்போது அவசரமில்லை. அட்டையின் அடியில் தடிமனாக ஒரு கோடு போடுங்கள். கோடு இல்லாத அட்டை தலைகீழானால் என் யு ஆகும், டாக்டர் டி பென் பி ஆகும். குழந்தை சரியாகத்தான் படித்திருப்பாள், நாம் 'தப்பு' என்போம். பிளாஸ்டிக் எழுத்துகளிலும் இதே ஆபத்து. தெரிந்த ஐந்து அட்டை, புதிது ஒன்று, கலைத்துக் காட்டுங்கள். மூன்று விநாடிக்குள் ஒலி வந்தால் தெரியும் என்று கணக்கு. யோசித்து, பாட்டை முதலிலிருந்து முணுமுணுத்துச் சொன்னால் இன்னும் தெரியாது.

சுவரில் மாட்டும் சார்ட்டையும் செயலிகளையும் ஒருமுறை சோதியுங்கள். அச்சடிப்பவர்கள் படம் அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். ஒலி பொருந்துகிறதா என்று பார்ப்பதில்லை. ஏ-க்கு ஏரோப்ளேன், ஐ-க்கு ஐஸ்கிரீம், சி-க்கு சேர், ஜி-க்கு ஜிராஃப், எஸ்-க்கு ஷிப், எக்ஸ்-க்கு சைலோஃபோன் இருந்தால் அந்தச் சார்ட் வேண்டாம். ஐஸ்கிரீமில் குழந்தை கேட்பது 'ஐ'. 'பின்' படிக்க அவளுக்கு வேண்டியது 'இ'. எக்ஸ் ஒலி சொல்லின் தொடக்கத்தில் கிடைக்காது, பெரும்பாலும் கடைசியில்தான் கிடைக்கும், பாக்ஸ் மாதிரி. இன்னொன்று: புத்தக அச்சில் சின்ன ஏ-க்கு மேலே ஒரு கொக்கி இருக்கும், நாம் கையால் எழுதும் ஏ-க்கு இருக்காது. இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடுங்கள். பல குழந்தைகள் புத்தகத்தில் தடுக்கி நிற்பது இதில்தான்.

காதையும் பழக்க வேண்டும். தமிழில் பஸ்ஸுக்கும் பென்னுக்கும் ஒரே 'ப' போதும், அதனால் அந்த வித்தியாசத்தைக் கவனிக்கக் காது பழகியிருக்காது. தொண்டையில் விரலை வைத்து, உதடு மூடியிருக்கும்போதே கவனிக்கச் சொல்லுங்கள். பஸ் என்று தொடங்கும்போது அந்தக் கணமே தொண்டை அதிரும். பென்னுக்கு உதடு திறக்கும் வரை அதிர்வு இருக்காது. டாக்டர், டேபிளுக்கும் அப்படியே, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கும்போது பாருங்கள்.

'பெயரின் முதல் எழுத்திலிருந்து ஆரம்பியுங்கள்' என்று எல்லாரும் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் நம் பெயர்களுக்கு அது அப்படியே பொருந்தாது, இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மீனா, கவின், நிலா என்றால் பிரச்சினை இல்லை. எம், கே, என் தன் ஒலியையே தரும். தேவி என்றால்? ஆங்கிலத்தில் டாக்டர் டி போட்டுத்தான் எழுதுகிறோம். 'உன் பெயர் எழுத்து' என்று காட்டினால் அது 'த்' என்றே மனதில் பதியும். பிறகு டாக் என்ற சொல்லை 'தாக்' என்று படிப்பாள். தாமரைக்கு டேபிள் டி-யும் எச்சும் சேர்ந்து ஓர் ஒலி. ஷாலினிக்கு எஸ்ஸும் எச்சும். சித்ராவுக்கு சி-யும் எச்சும். ஐஸ்வர்யாவுக்கு ஏ-யும் ஐ-யும். இப்படிப் பெயர் உள்ள குழந்தைக்குத் தன் முழுப் பெயரையும் ஒரு படம்போல அடையாளம் காணக் கற்றுக்கொடுங்கள். பையிலும் தண்ணீர் பாட்டிலிலும் எழுதி ஒட்டுங்கள். ஆனால் முதல் எழுத்தைப் பிரித்து ஒலி சொல்லாதீர்கள். ஒலிக்கு வீட்டில் ம, ந, ல, ஸ-வில் தொடங்கும் பெயர் உள்ளவரைத் தேடுங்கள். யாரும் இல்லையென்றால் மாமா என்ற சொல்லே போதும். உங்கள் மகளின் பெயரை நீங்கள் எழுதவில்லை, அதனால்தான் இவ்வளவு விளக்கம்.

பள்ளியின் ஒரு பக்க எழுத்துக்கு வருவோம். இந்த வழக்கத்தை எப்போது விடுவார்கள் என்று தெரியவில்லை. மூன்றாவது வரிக்குப் பிறகு குழந்தை மேலே அச்சில் இருக்கும் மாதிரியைப் பார்ப்பதில்லை; தான் எழுதிய முந்தைய வரியைப் பார்த்து எழுதுகிறாள். அதில் ஒரு கோணல் இருந்தால் பக்கம் முழுக்க அதே கோணல், கடைசி வரியில் இரட்டிப்பு. திருப்பி எழுதினால் இருபது முறை திருப்பி எழுதிப் பழகுகிறாள். தப்பைப் பயிற்சி செய்யச் சொல்லிவிட்டு, தப்பு வருகிறது என்று டைரியில் எழுதி அனுப்புகிறார்கள்! ஐந்து வயது நிரம்பாத விரலுக்குக் கூட்டெழுத்து (கர்சிவ்) கொடுக்கும் பள்ளிகளும் உண்டு. அதைக் கேட்கவும் ஆளில்லை. வகுப்பாசிரியரிடம் பணிவாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள்: ஒரு பக்கத்துக்குப் பதில் ஒரு வரி, அதில் நன்றாக வந்த எழுத்தைச் சுற்றி அவளே வட்டம் போடட்டும். வீட்டில் பென்சிலுக்கு முன் தட்டில் பரப்பிய மணலில் விரலால், பலகையில் ஈர விரலால் எழுதட்டும். எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போகிறாள் என்பதை மட்டும் பாருங்கள். அழகு பின்னால் வரும்.

பயிற்சி மையம் மறுபடி அழைத்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். முதல் வாரம் எந்த எழுத்துகள்? 'ஏ, பி, சி' என்றால் பெயர்தான் ஃபோனிக்ஸ், உள்ளே பழைய வாய்ப்பாடு. ம் எப்படிச் சொல்லித் தருவீர்கள்? 'ம' என்று நீட்டினால் வந்துவிடுங்கள். நிறக் கண்ணாடி, இடது வலது மூளைப் பயிற்சி என்று சேர்த்து விற்பவர்களிடம் இந்தக் கேள்விகூட வேண்டாம்.

காதும் கண்ணும் மட்டும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அடிக்கடி சளியால் காது அடைக்கும் குழந்தைக்கு ஒலி வித்தியாசம் பிடிபடாது. பேச்சு தாமதமாக வந்திருந்தால், தமிழிலேயே எதுகைச் சொற்களைச் சேர்க்கத் தெரியாமல் திணறினால், வீட்டில் வேறு யாருக்காவது படிப்பதில் தீராத சிரமம் இருந்திருந்தால், அதைக் குழந்தை நல மருத்துவரிடம் சொல்லுங்கள். முறையான மதிப்பீட்டுக்கு எங்கே போக வேண்டும் என்று அவர் சொல்வார். அப்படி எதுவும் இல்லையென்றால் நாளைக்கு எஸ் அட்டையில் தொடங்குங்கள்.