களப் பணியாளர்கள் சான்றைக் கொண்டு முடிவெடுக்க: ஒரு வட்டார மருத்துவ அலுவலருக்கான ஆலோசனை

கேள்வி: நான் ஒரு வட்டார மருத்துவ அலுவலர். எங்கள் கிராம சுகாதார செவிலியர்களும் சுகாதார ஆய்வாளர்களும் பிக்மி (கர்ப்பிணி, குழந்தைகள் பதிவு), ஐஎச்ஐபி (நோய்க் கண்காணிப்புத் தளம்), மக்களைத் தேடி மருத்துவம் (வீடு தேடிச் செல்லும் தொற்றா நோய்ச் சிகிச்சைத் திட்டம்) என்று நாள்தோறும் விவரங்களைப் பதிவேற்றுகிறார்கள். ஆனால் எந்த ஊரில் எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்கும் நேரத்தில் அந்த விவரங்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்தச் சிறிது நிதி கிடைத்திருக்கிறது. எதைக் கற்பிக்கலாம், எப்படிக் கற்பிக்கலாம்?

பதில்: பயிற்சியை எப்படி நடத்துவது என்பதற்கே சான்றுகள் இருக்கின்றன என்பதால், முதலில் அவற்றைப் பார்த்துவிடுவோம். குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் சுகாதாரப் பணியாளர்களின் செயல்பாட்டை மேம்படுத்த மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளை அலெக்சாண்டர் ரோவும் குழுவினரும் தொகுத்து, 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியிட்டார்கள். அச்சிட்ட கையேட்டை மட்டும் கொடுத்த இடங்களில் கிடைத்த முன்னேற்றத்தின் நடுமதிப்பு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) 1.4 சதவீதப் புள்ளிதான். பயிற்சி மட்டும் அல்லது மேற்பார்வை மட்டும் என்றால் 10 முதல் 16 வரையிலும், இரண்டையும் சேர்த்தபோது 18-ஐ ஒட்டியும் பலன் இருந்தது. பணியாளர்கள் குழுவாக அமர்ந்து தங்கள் சொந்தச் சிக்கலைத் தாங்களே ஆராய்ந்து தீர்த்த இடங்களில் அது 28-க்கு மேல் போனது. ஆனால் அம்முறை வேறு உத்திகளோடு கலந்து நடந்த ஆய்வுகளையும் கணக்கில் சேர்த்தால் பலன் 12 அளவுக்கு இறங்கிவிடுகிறது. (ஒரு பெரிய எண்ணைக் கண்டதும் அதற்கு அடுத்த வரியையும் படிக்க வேண்டும் என்பதற்கு இதையே வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.)

ஆகவே இரண்டு நாள் தொடர் வகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். அரை நாள் தொடக்க வகுப்பு ஒன்றை நடத்திவிட்டு, மீதி நேரத்தை அடுத்த ஆறு மாதங்களின் மாதாந்திர ஆய்வுக் கூட்டங்களில், கூட்டத்துக்கு ஒன்றரை மணி நேரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எப்படியும் எல்லோரும் கூடுகிற கூட்டம் அது. முடிவுகள் எடுக்கப்படுவதும், எடுக்கப்படாமல் நழுவுவதும் அங்கேதான்.

தொடக்க வகுப்பில் புள்ளியியல் வேண்டாம். ஒவ்வொருவரும் தம் அதிகாரத்துக்குள், யாரிடமும் அனுமதி கேட்காமல் அடுத்த வாரமே எடுக்கக்கூடிய முடிவுகளை ஒரு தாளில் எழுதட்டும். மருந்து கொள்முதல் கிராம சுகாதார செவிலியரின் கையில் இல்லை. எந்தத் தெருவுக்கு முதலில் போவது, எந்தக் கர்ப்பிணியை இந்த வாரம் இன்னொரு முறை பார்ப்பது என்பவை அவர் கையில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே, அதை எடுக்க எந்த எண் தேவை, அது எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். எந்த முடிவோடும் சேராத எண்கள் பல இருப்பதும், முக்கியமான சில முடிவுகளுக்கு எண்ணே இல்லாதிருப்பதும் அப்போது வெளிப்படும். இந்தத் தாளே உங்கள் ஆறு மாதப் பாடத்திட்டம்.

அடுத்து, ஒரே ஒரு நேர்வை ஆழமாக எடுத்துக்கொள்ளுங்கள். சுகாதார ஆய்வாளர்களுக்கு டெங்கு பொருத்தமானது. பயிற்சிக்காக ஒரு கணக்கு தருகிறேன். ஒரு பகுதியில் 100 வீடுகளைச் சோதித்ததில் 12 வீடுகளில் கொசுப்புழு இருந்தது. பார்த்த 320 கொள்கலன்களில் 16-இல் புழு இருந்தது. வீட்டுக் குறியீடு (நூறு வீட்டில் புழு உள்ள வீடுகள்) 12, கொள்கலன் குறியீடு (நூறு கொள்கலனில் புழு உள்ளவை) 5, பிரெட்டோ குறியீடு (நூறு வீட்டுக்குப் புழு உள்ள கொள்கலன்கள்) 16. இவற்றைக் கணக்கிட நம் ஆய்வாளர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ‘சரி, நாளைக் காலை என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் ‘விழிப்புணர்வு ஏற்படுத்துவோம், அபேட் (கொசுப்புழு மருந்து) ஊற்றுவோம்’ என்ற பதில்தான் வரும். குறியீடு 2 என்றாலும் 20 என்றாலும் அதே பதில் வருமானால், அந்த எண் முடிவுக்குப் பயன்படவில்லை என்று பொருள்.

இப்போது அதே படிவத்தைக் கொள்கலன் வாரியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். புழு இருந்த 16-இல் 11 சிமென்ட் தொட்டிகள், 3 பிளாஸ்டிக் டிரம்கள், 2 மட்டுமே டயரும் தேங்காய்ச் சிரட்டையும் என்று வருகிறதென வைத்துக்கொள்வோம். அந்த ஊருக்குக் குடிநீர் ஐந்து நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. மக்கள் தண்ணீரைத் தேக்கி வைத்தே ஆக வேண்டும். அங்கே டயரையும் சிரட்டையையும் அப்புறப்படுத்தும் முகாமுக்கு ஆட்களை அனுப்புவது வீண். தொட்டியை வாரம் ஒருமுறை காலி செய்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வைப்பதும், மூடியும் வலையும் போட வைப்பதும்தான் அங்கே வேலை. முட்டை கொசுவாக ஏறத்தாழ எட்டு முதல் பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை. சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும் என்பதால் தேய்ப்பது. குடிநீர் விநியோக இடைவெளியைக் குறைக்கும்படி உள்ளாட்சியிடம் கேட்கவும் இந்த ஒரு பட்டியல் வலுவான ஆதாரமாகும்.

அடுத்து, பூட்டியிருந்த வீடுகள் எத்தனை என்று கேளுங்கள். 130 வீட்டுக்குப் போய் 30 பூட்டிக் கிடந்திருந்தால், 12 என்ற குறியீடு திறந்திருந்த வீடுகளின் நிலையை மட்டுமே சொல்கிறது. அந்த முப்பதையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்ப்பதும் சான்றின் அடிப்படையிலான முடிவுதான். குறியீடு குறைந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டதா என்பதையும் விவாதியுங்கள். கொசுக் குறியீடுகளுக்கும் டெங்கு பரவலுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த, 2014-இல் வெளியான ஒரு முறைசார் மீளாய்வு (பல ஆய்வுகளை முறைப்படி தேடித் தொகுத்து எடைபோடும் ஆய்வு), அந்தத் தொடர்பு நம்பத் தகுந்த அளவில் நிறுவப்படவில்லை என்று கண்டது. எனவே எங்கே, எந்தக் கொள்கலனில் வேலை செய்வது என்பதற்குக் குறியீட்டைப் பயன்படுத்தலாம். ‘இந்த ஊர் பாதுகாப்பானது’ என்று அறிவிப்பதற்குப் பயன்படுத்தக் கூடாது.

வெளி ஆய்வுகளை அறிமுகப்படுத்த இதுவே தக்க இடம். காய்ச்சல் என்றதும் புகை மருந்து அடிக்கச் சொல்லி வார்டு உறுப்பினரிடமிருந்து தொலைபேசி வரும். புகை கண்ணுக்குத் தெரிகிறது, தொட்டி கழுவியது தெரிவதில்லை. ஏடிஸ் கொசு பெரும்பாலும் வீட்டுக்குள், துணிக்கும் கட்டிலுக்கும் மறைவில் தங்குவதால், தெருவில் அடிக்கும் புகை அதைச் சரிவர எட்டுவதில்லை. எட்டினாலும் அந்நேரம் பறக்கும் கொசுதான் சாகும், புழு அப்படியே இருக்கும். வீட்டைச் சுற்றிப் புகையடிப்பது குறித்து 2010-இல் வெளியான மீளாய்வில், அது டெங்குவைக் குறைக்கிறது என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. மாறாக, நிகரகுவாவிலும் மெக்சிகோவிலும் ஊர்மக்களைத் திரட்டி நடத்திய ‘கமினோ வெர்டே’ என்ற சமவாய்ப்புச் சோதனையில் (எந்தப் பகுதியில் செய்வது, எதில் செய்யாமல் ஒப்பிடுவது என்று குலுக்கல் முறையில் பிரிக்கும் சோதனை), சிறுவர்களிடையே டெங்கு தொற்று ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்ததாக 2015-இல் வெளியிட்டார்கள். அந்த நாடுகளில் நடந்தது நம் ஊருக்குப் பொருந்துமா, அங்கிருந்த ஆள்பலம் நமக்கு உண்டா, நம் தொட்டியும் அவர்கள் தொட்டியும் ஒன்றா என்ற விவாதத்தை உங்கள் பணியாளர்களே நடத்தட்டும். நோய்க் கொத்து (ஒரே இடத்தில் பலருக்கு நோய்) கண்ட இடத்தில் வழிகாட்டு நெறியின்படி புகையடிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு நாளில் கைவசம் உள்ள பணியாளர் நேரத்தை எதில் போடுவது என்பதே இங்கே கேள்வி.

செவிலியர்களுக்கு இரத்த அழுத்தப் பதிவேட்டை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த, தொற்றா நோய்கள் பற்றிய ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கே அது கட்டுப்பாட்டில் இருந்தது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதற்குப் பின்னணியும் இதுவே. இங்கே கற்பிக்க வேண்டியது வகுஎண், அதாவது சதவீதம் யாரையெல்லாம் சேர்த்து, எத்தனை பேரால் வகுத்து வந்தது என்பது. இரண்டு துணை சுகாதார நிலையங்களில் தலா 200 பேர் பதிவாகி, இரண்டிலும் 90 பேர் 140/90-க்குக் கீழே இருக்கிறார்கள் என்று கொள்வோம். கட்டுப்பாட்டு விகிதம் இரண்டிலும் 45. முதலாவதில் 60 பேர் அந்தக் காலாண்டில் வரவே இல்லை, 50 பேருக்கு அழுத்தம் கூடுதல். இரண்டாவதில் வராதவர்கள் 10, கூடுதல் அழுத்தம் உள்ளவர்கள் 100. முதல் நிலையம் வராதவர்களின் பெயர்ப்பட்டியலோடு வீடு வீடாகப் போக வேண்டும். இரண்டாவதில் அலைச்சலால் பயனில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்த்து, மருந்தின் அளவைக் கூட்ட மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஒரே சதவீதத்துக்கு இரண்டு வேறு முடிவுகள் வருவதைக் கண்ணால் கண்டவர், அதன் பிறகு வெறும் சதவீதத்தை ஏற்க மாட்டார்.

அதே பதிவேட்டில் இன்னொன்றையும் காட்டுங்கள். டிஜிட்டல் கருவி 127/83, 134/78 என்றுதான் காட்டும். ஒரு பக்கம் முழுக்க 120/80, 130/80 என்றே இருந்தால், அளவு தோராயமாக எழுதப்பட்டிருக்கிறது அல்லது அளக்கப்படவே இல்லை. இதைச் சொல்லும்போது குரலில் கவனம் தேவை. எண்ணுக்காகத் திட்டு வாங்கியவர் மறுமாதம் நல்ல எண்ணைக் கொண்டு வருவார், அழுத்தம் குறைந்திருக்காது. உங்கள் முயற்சி முழுவதும் தோற்க இந்த ஒரு காரணம் போதும் என்பது என் கருத்து. வராதவர்களின் எண்ணிக்கையை மறைக்காமல் எழுதிய செவிலியரைக் கூட்டத்தில் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்.

பணியாளரின் செயல்பாட்டை அளந்து அவருக்கே திரும்பச் சொல்லும் பின்னூட்டம் பற்றி 140 சோதனைகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு 2012-இல் வெளியிட்ட மீளாய்வில், முன்னேற்றத்தின் நடுமதிப்பு 4.3 சதவீதப் புள்ளிதான். ஆனால் மேற்பார்வையாளரோ சக பணியாளரோ, ஒரு முறைக்கு மேல், வாய்மொழியாகவும் எழுத்திலும், தெளிவான இலக்கோடும் செயல்திட்டத்தோடும் சொன்னபோது பலன் கூடியது. உங்கள் வட்டாரத்தில் இதைச் செய்ய வேண்டியவர்கள் பகுதி சுகாதார செவிலியரும் வட்டார சுகாதார மேற்பார்வையாளரும். அவர்களுக்குத் தனியாக ஒரு அமர்வு நடத்தாமல் மற்றவர்களுக்குப் பயிற்சி தொடங்க வேண்டாம்.

அளவீடு உடனே முடிவாக மாறுவது எப்படி இருக்கும் என்று பணியாளர்கள் கேட்டால், 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைக் காட்டுங்கள். நோய் உறுதியானதும் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். உடல் நிறைக் குறியீடு 14 அல்லது அதற்குக் கீழ், மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல், ஆக்சிஜன் 94-க்குக் கீழ் போன்ற வரம்புகளில் ஒன்றைத் தொட்டாலும், அந்த நோயாளி விரிவான பரிசோதனைக்கும் தேவைப்பட்டால் உள்நோயாளிச் சிகிச்சைக்கும் அனுப்பப்படுகிறார். எக்ஸ்ரேயும் ஆய்வகமும் வேண்டாம். எந்த எண்ணுக்கு என்ன செய்வது என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது. உங்கள் குழுவும் தன் முடிவுகளில் ஒன்றிரண்டுக்கு இப்படி வரம்பு வகுக்க முயலட்டும்.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கும் திறன் எல்லோருக்கும் வேண்டியதில்லை. ஆர்வமுள்ள இருவர் போதும். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையோடு அவர்களை இணைத்துவிடுங்கள். மாதம் ஒரு கேள்வி அனுப்பினால், முதுநிலை மாணவர் ஒருவர் மீளாய்வுகளைப் பார்த்துத் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தரலாம். விடுதி அரங்கம், பேனர், கோப்புப் பை ஆகியவற்றுக்குச் செலவிட நினைத்த தொகையை, அந்தத் துறையிலிருந்து ஒருவர் ஆறு கூட்டங்களுக்கும் வந்துபோகும் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி பலித்ததா என்று அறிய முன்தேர்வும் பின்தேர்வும் போதா. வகுப்பு முடிந்த மாலையில் எல்லோருக்கும் மதிப்பெண் கூடியே இருக்கும். தொடங்கும் முன் கடந்த ஆறு மாதக் கூட்டக் குறிப்புகளை எடுத்து, எத்தனை முடிவுகள் பதிவாகியுள்ளன, அவற்றில் எத்தனைக்கு ஓர் எண் அல்லது ஆய்வு காரணமாகக் குறிக்கப்பட்டுள்ளது என்று எண்ணுங்கள். ஆறு மாதம் கழித்து அதையே மீண்டும் எண்ணுங்கள். அதோடு, விவரத்தைப் பார்த்த பின் எத்தனை முடிவுகள் மாற்றப்பட்டன அல்லது கைவிடப்பட்டன என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். ஒன்றுகூட மாறவில்லை என்றால், எடுத்த முடிவுக்குப் பின்னால் எண்ணைத் தேடிப் பொருத்தும் பழக்கம் தொடர்கிறது என்று சந்தேகித்து, அடுத்த கூட்டத்தில் முதலில் எண்ணை மட்டும் வைத்து, முடிவை அதன் பிறகு கேளுங்கள்.