எல்லோருக்கும் சமத்துவம் கிடைப்பதில் இளம் பெண்களின் பங்கு என்ன?

பெரிய தத்துவம் எதுவும் என்னிடம் இல்லை. ஒரு ஸ்டூலைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவனுக்கு அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

2009இல் பிளஸ் டூ முடித்த கையோடு சாத்தான்குளம் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து, தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். சாப்பாடும் தங்க இடமும் கடைக்காரர் பொறுப்பு, சம்பளம் ஊருக்குப் போய்விடும். காலை ஒன்பதரைக்கு ஃப்ளோரில் ஏறி நின்றால் இரவு ஒன்பதரைக்குத்தான் இறங்குவோம். தீபாவளி சீசன் என்றால் பதினொன்று ஆகும். மூன்றாவது மாடியில் நாற்பது பேர் இருந்தோம். ஸ்டூல் மொத்தம் இரண்டு, இரண்டுமே பில் போடும் இடத்தில். வாங்க வருகிறவர்களுக்கு வரிசையாக நாற்காலி உண்டு, ஆனால் ஆள் இல்லாத நேரத்தில்கூட நாங்கள் அதில் உட்காரக் கூடாது. கேமராவில் பார்த்துவிட்டு கீழேயிருந்து போன் வரும். கவுண்டரில் சாய்ந்து நின்றாலும் வரும். இரண்டாவது முறை என்றால் சம்பளத்தில் பிடித்தம்.

பழைய ஜவுளிக்கடைகளில் இப்படி இல்லை. தரையில் மெத்தை விரித்து, விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே உட்கார்ந்து சேலை பார்ப்பார்கள். கண்ணாடிக் கவுண்டர் வந்தது, விற்பவனை எழுப்பி நிற்க வைத்துவிட்டது. சரி, அது வேறு கதை.

ஆண்களான எங்களுக்குச் சில ஓட்டைகள் இருந்தன. சரக்கு எடுக்கிறேன் என்று கோடவுனுக்குப் போய்ப் பண்டல் மேல் ஐந்து நிமிஷம் உட்காரலாம். பின்சந்தில் டீ குடிக்கலாம். அவசரத்துக்கு எங்கேயாவது ஒதுங்கலாம். பெண் பிள்ளைகளுக்கு அது எதுவும் இல்லை. ஹாஸ்டலிலிருந்து வேனில் கொண்டுவந்து இறக்குவார்கள், ராத்திரி வேனில் ஏற்றுவார்கள். கழிப்பறைக்குப் போவதென்றால் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போகவேண்டும். அவர்களுக்கு இருந்த ஒரே வழி, சேலை மடிக்கிற சாக்கில் கவுண்டருக்கு அடியில் குத்துக்கால் போட்டு உட்காருவது. ஒருத்தி உட்கார்ந்தால் பக்கத்தில் நிற்பவள் காவல். அவள் இருமினால் சூப்பர்வைசர் வருகிறார் என்று அர்த்தம். மூன்றாவது மாடியில் எந்நேரமும் யாராவது இருமிக்கொண்டே இருப்பார்கள்.

தினமும் காலையில் கடை திறக்கும் முன் பத்து நிமிஷம் மீட்டிங் நடக்கும். நேற்றைய விற்பனை எவ்வளவு, இன்றைய டார்கெட் எவ்வளவு, கடைசியில் வழக்கமாக "வேற ஏதும் குறை இருக்கா?" என்ற கேள்வி. யாரும் வாய் திறக்க மாட்டோம், அதுதான் மரியாதை. 2011 தீபாவளிக்கு முந்தின ஒரு நாள், தென்காசிப் பக்கத்துப் பிள்ளை ஒன்று, பத்தொன்பது வயது இருக்கும், கையைத் தூக்கியது.

"அண்ணாச்சி, ஆள் இல்லாத நேரத்துல இருந்துக்கிட ஸ்டூல் போடுங்க. ஆளுக்கொண்ணு வேண்டாம், நாலு பேருக்கு ஒண்ணு போதும். சர்ட்டிங்ல நிக்கிற அண்ணன்மாருக்கும் சேத்துத்தான் கேக்கேன். அவங்களுக்கும் கால் வலிக்கத்தான செய்யும்."

நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். "எங்களுக்கெல்லாம் வலிக்காது தங்கச்சி" என்று ஒருவன் சொன்னான். அவனுக்கு அப்போதே கெண்டைக்காலில் நரம்பு பச்சைக் கயிறு மாதிரிச் சுருண்டிருக்கும். ராத்திரி சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் தூங்குவான். சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையை மறுநாள் குடோன் பிரிவுக்கு மாற்றினார்கள், பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ஸ்டூலும் வரவில்லை.

இதே கோரிக்கை கேரளத்தில் தெருவுக்கே வந்தது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறையே இல்லை. பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்றோடு வாழ்ந்தார்கள். விஜி என்ற தையல்காரர் அவர்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் கழிப்பறை கேட்டார்கள், அப்புறம் உட்கார இடம் கேட்டார்கள். திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சங்கத்தில் சேர்ந்ததற்காக இடம் மாற்றப்பட்ட ஆறு பெண்கள், 2014 கடைசியில் கடை வாசலில் போராட்டம் தொடங்கி நூறு நாளைத் தாண்டி நடத்தினார்கள். மலையாளத்தில் அதற்கு 'இரிக்கல் சமரம்', அதாவது உட்காரும் போராட்டம், என்று பெயர். உட்காருவதற்கு ஒரு சமரம்! கேட்க வேடிக்கையாக இருக்கும், நின்று பார்த்தால்தான் தெரியும்.

2018இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் கொண்டுவந்தது. தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் மசோதாவை வைத்தார், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள, எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வசதி செய்யவேண்டும் என்கிறது அது.

இதில் 'எல்லா' என்ற சொல்லைத்தான் நான் உங்கள் கேள்விக்குப் பதிலாக நினைக்கிறேன். இங்கிலாந்தில் 1899லேயே கடைச் சிப்பந்திகளுக்கு இருக்கை தரச் சொல்லி ஒரு சட்டம் வந்திருக்கிறது. மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கை என்று கணக்கு, ஆண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. பெண் உடம்பு பலவீனமானது, பாவம் உட்காரட்டும் என்ற சலுகை அது. கேரளத்திலும் இங்கேயும் வந்த சட்டத்தில் அந்தச் சலுகை வாசம் கிடையாது. வலிக்கிற காலுக்கு ஆண் என்ன, பெண் என்ன? மூன்றாவது மாடியில் அந்தப் பிள்ளை கேட்டதும் இதையேதான்.

நாங்கள் ஏன் கேட்கவில்லை என்று அடிக்கடி யோசிப்பேன். பயம் எல்லோருக்கும் ஒன்றுதான், வீட்டுக் கஷ்டமும் ஒன்றுதான். எங்களுக்கு அந்தக் கோடவுனும் டீக்கடைச் சந்தும் இருந்தன, அவ்வளவுதான் வித்தியாசம். கள்ளத்தனமாக ஐந்து நிமிஷம் உட்காரக் கிடைக்கிறவன் நேர் வழியில் உட்கார இடம் கேட்க மாட்டான். போதாக்குறைக்கு, வலியைத் தாங்குவதுதான் ஆம்பளைத்தனம் என்ற நினைப்பு வேறு. எந்த ஓட்டையும் இல்லாதவளுக்குத்தான் கதவைத் தட்டவேண்டி வருகிறது. கதவு திறந்தால் பின்னால் நிற்கிற நாங்களும் உள்ளே போய்விடுகிறோம். இளம் பெண்கள் இயல்பிலேயே புரட்சிக்காரிகள், அவர்கள்தான் நாளைய உலகம் என்றெல்லாம் மேடையில் பேசுகிறார்களே, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அப்படிச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வசதியாகப் போய்விடும். எங்களில் இரண்டு பேர், வேண்டாம், ஒருத்தன் அன்றைக்குச் சிரிக்காமல், அவளோடு சேர்ந்து கையைத் தூக்கியிருந்தால் அவளைக் குடோனுக்கு அனுப்புவது அத்தனை சுலபமாக இருந்திருக்காது.

நான் 2014இல் அந்த வேலையை விட்டுவிட்டுத் திருநெல்வேலியில் தையல் சாமான் கடை வைத்திருக்கிறேன். நூல், பட்டன், லைனிங் துணி. வேலைக்கு இரண்டு பேர், மூன்று ஸ்டூல்.

போன ஆடித் தள்ளுபடியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இங்கேயே ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தேன். பழைய பழக்கம், கவுண்டருக்குப் பின்னால்தான் முதலில் கண் போகும். ஸ்டூல் இருந்தது. பரவாயில்லையே என்று பார்த்தால், அதன் மேல் ஜாக்கெட் பிட் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். சேலை காட்டிய பெண்ணுக்கு இருபது வயதுக்குள்தான். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள். அம்மா கவனித்துவிட்டு, "நீ உக்காரு பிள்ள, நானே பிரிச்சுப் பாத்துக்கிடுதேன்" என்றாள். அந்தப் பெண் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூலையில் இருந்த கேமராவை ஒரு தடவை பார்த்துவிட்டு, அடுத்த சேலையைப் பிரித்தாள்.

பக்கத்து வேட்டிப் பிரிவில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மெதுவாக எழுந்து, "வாங்க சார், என்ன பாக்கிறீங்க?" என்றார்.