ஹெலிகாப்டரிலிருந்து கிலாவேயாவின் லாவா: கேள்வி பதில்

ஹவாய்க்கு இரண்டு தடவை போய், மேகம் மூடிப் பறக்க முடியாமல் திரும்பியவள் நான். மூன்றாவது தடவை, 2017 பிப்ரவரியில், அங்குள்ள ஹீலோ ஊரிலிருந்து கிளம்பி கிலாவேயா எரிமலையின் லாவா ஓடுவதைப் பார்த்துவிட்டேன். கேளுங்கள்.

கே: அக்கா, மேலிருந்து பார்த்தால் சிவப்பு ஆறு மாதிரி இருக்குமா?

ப: நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன் தம்பி. பகலில் பெரும்பகுதி கறுப்பு, புதிதாக உறைந்த இடம் வெள்ளி மினுமினுப்பு. சுமார் 1,150 டிகிரி செல்சியஸில் வெளிவரும் குழம்பின் மேல், பாலில் ஆடை படிவது போல உடனே தோல் கட்டிவிடும். அது கிழியும் இடத்தில்தான் ஆரஞ்சு நிறம் தெரியும். அப்போது கிலாவேயாவின் சரிவில் உள்ள பூஊ ஓஓ என்ற எரிமலை வாயிலிருந்து கடல் வரை சுமார் 10 கி.மீ. தூரம், லாவா தானே போட்டுக்கொண்ட கூரைக்கு அடியில் ஓடியது. கூரை இருப்பதால் சூடு அதிகம் வெளியேறாது, அதனால்தான் வழியில் உறைவதில்லை. ஓரிடத்தில் கூரை இடிந்து ஓட்டை. விமானி அதைச் சுற்றி வட்டமடித்தார். உள்ளே அது ஓடிய வேகத்தைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. கதவு கழற்றிய ஹெலிகாப்டர். அந்தப் பக்கம் சாயும்போதெல்லாம் முகத்தில் அனல் அடித்தது.

கே: இப்போது போனால் தெரியுமா?

ப: 1983இல் தொடங்கிய அந்த ஓட்டம் 2018இல் முடிந்தது. அந்த ஆண்டு லாவா கீழே குடியிருப்புகளில் வெளிப்பட்டு சுமார் 700 வீடுகளை அழித்தது. 2024 டிசம்பர் 23 முதல் உச்சியில் ஹலேமவுமவு பள்ளத்தில் விட்டு விட்டுப் பீச்சத் தொடங்கியது: சில மணி நேரம் பீச்சும், அப்புறம் பல நாள் ஓய்வு. டிக்கெட் எடுக்கும் முன் ஹவாய் எரிமலை ஆய்வகத்தின் அன்றாட அறிவிப்பைப் பாருங்கள்.

கே: ஏப்ரலில் லாவா இருக்குமா?

ப: மேலே சொன்னதுதான்.

கே: அந்தமான் பாரன் தீவு?

ப: இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை. தீவில் இறங்க அனுமதியில்லை. மற்றதை போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்) விசாரியுங்கள்.

கே: லாவா கடலில் விழும் இடத்தில் எழும் வெள்ளைப் புகை வெறும் நீராவிதானே?

ப: இல்லை. கடல்நீரின் உப்பிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகிறது, கண்ணாடித் துகளும் கலந்திருக்கும். பக்கத்தில் போகாதீர்கள்.

கே: சும்மா பயமுறுத்தாதீர்கள். நாங்கள் படகில் போனோம், ஒன்றும் ஆகவில்லை.

ப: உங்களுக்கு ஆகவில்லை, சந்தோஷம். 2018 ஜூலையில் அப்படிப் போன படகின் கூரையை லாவாக் கட்டி பிய்த்துக்கொண்டு விழுந்து 23 பேர் காயமடைந்தார்கள்.

கே: கரையில் நின்று பார்க்கலாமே?

ப: 2016 டிசம்பர் 31 அன்று, லாவா உருவாக்கிய புது நிலம் 20 ஏக்கருக்கு மேல் கடலில் சரிந்தது. படகோ கரையோ, அந்தப் புகைக்கும் புது நிலத்துக்கும் பக்கத்தில் போகாதீர்கள்.

கே: டிசம்பரில் தெரியுமா அக்கா?

ப: ஏப்ரல்காரருக்குச் சொன்னதேதான்.

கே: மேகத்தில் மாட்டாமல் பறக்க வழி?

ப: ஹீலோ மழை ஊர். போய் இறங்கிய மறுநாள் காலைக்கே பதிவு செய்யுங்கள். ரத்தானால் அடுத்த நாள் கையில் இருக்கும். நான் இரண்டு தடவையும் ஊர் திரும்பும் நாளில் வைத்துக்கொண்டேன்.