வாசகர் கேள்வி பதில்: நிறத்தைப் பிடித்து வைப்பது எது?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ‘காட்சிக் கலைகள்’ பற்றி எழுதிக்கொண்டு போக வேண்டுமாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் படம் வரைவதுதான். வேறு என்னவெல்லாம் அதில் வரும்?
– வாசகி, தக்கலை

பதில்: கண்ணால் பார்த்து அனுபவிக்கிற கலை எல்லாமே வரும். ஓவியம், சிற்பம், மரச் செதுக்கு, அச்சுப்படம், புகைப்படம், மண்பாண்டம், நெசவு எல்லாம். நீங்கள் காலையில் வாசலில் போடும் கோலத்தையும் விட்டுவிடாதீர்கள். அரிசி மாவு அதன் மீடியம் (அதாவது, கலையை உருவாக்கப் பயன்படும் பொருள்), சாணம் தெளித்த தரை அதன் பரப்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்கள் தக்கலையில் இருக்கிறீர்கள், பத்மநாபபுரம் அரண்மனை பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். முகப்பு மண்டபமான பூமுகத்தில் நின்று மேலே பார்த்தால் மரக் கூரையில் விதவிதமாகப் பூக்கள், தாய்க் கொட்டாரத்தில் ஒரே பலா மரத்தில் செதுக்கிய தூண், நவராத்திரி மண்டபத்தில் கருங்கல் தூண்கள், காலடியில் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் கறுப்புத் தரை. ஒவ்வொன்றின் முன்னாலும் அவள் இரண்டே கேள்விகள் கேட்டு நோட்டில் எழுதட்டும்: இது எதனால் ஆனது, எதன் மேல் இருக்கிறது? வீட்டுக்கு வரும்போது பாடம் பாதி முடிந்திருக்கும்.

கேள்வி: வாட்டர் கலர், போஸ்டர் கலர், அக்ரிலிக், ஆயில் என்று கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். என்ன வித்தியாசம்? முதலில் எதை வாங்குவது?
– கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

பதில்: தம்பி, இதில் ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். நிறம் என்பது பொடி. காவிக்கல்லை அரைத்தாலும் பொடி, விளக்குக் கரியைச் சுரண்டினாலும் பொடி. அந்தப் பொடி தாளிலோ துணியிலோ உதிராமல் ஒட்டியிருக்க ஒரு பசை வேண்டும், அந்தப் பசை எதுவோ அதை வைத்துத்தான் பெயர் வருகிறது. வேல மரத்து வகைப் பிசினில் குழைத்தால் வாட்டர் கலர். அதையே கனமாக, அடியில் உள்ளது தெரியாதபடி செய்தால் போஸ்டர் கலர். ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் ஆயில். பிளாஸ்டிக் போன்ற அக்ரிலிக் பசையில் குழைத்தால் அக்ரிலிக், இது போன நூற்றாண்டின் நடுவில்தான் கடைக்கு வந்தது.

வாட்டர் கலரில் தண்ணீர் ஆவியானால் காய்ந்துவிடும், ஆனால் பிறகு ஈரத் தூரிகை பட்டால் மறுபடி கரையும். ஆயில் அப்படியில்லை. அதில் எதுவும் ஆவியாகிக் காய்வதில்லை, எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது, அதனால்தான் நாள் கணக்கில் ஈரமாக இருக்கும், முகத்தின் நிழலை நிதானமாகக் குழைத்து எடுக்க முடியும். ரவிவர்மா வரைந்த பட்டுப் புடவைகளில் அந்த மினுமினுப்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும். அவரும் சிறு வயதில் திருவனந்தபுரம் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடுவிடம் முதலில் வாட்டர் கலர்தான் கற்றார்.

முதலில் பென்சிலும் கரித்துண்டும் வாங்குங்கள், ஒரு மாதம் நிறமே வேண்டாம். அப்புறம் வாட்டர் கலர். சின்னப் பெட்டி போதும், ஆனால் தாளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 300 ஜிஎஸ்எம் தாள் வாங்குங்கள் (ஜிஎஸ்எம் என்பது தாளின் கனத்தைச் சொல்லும் அளவு). மெல்லிய ட்ராயிங் நோட்டில் தண்ணீர் பட்டதும் தாள் சுருண்டுகொள்ளும், எனக்கு வரவில்லை என்று பிள்ளைகள் தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். கை வராததல்ல காரணம், தாள்தான்.

கேள்வி: அரண்மனை மேல்மாடிச் சுவர் ஓவியங்கள் இத்தனை காலம் எப்படி நிற்கின்றன? இத்தாலியில் செய்வதும் இதுவும் ஒன்றா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், இரணியல்

பதில்: ஒன்றல்ல ஐயா. இத்தாலியில் ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேலேயே தீட்டினார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகும்போது நிறமும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். அதற்குப் பசையே தேவையில்லை.

பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் உள்ள 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் கேரள மரபு, அந்த மரபில் காய்ந்த சுவரில்தான் எழுதுவார்கள். சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசி, காய்ந்த பிறகு சுண்ணாம்பில் இளநீர் கலந்து மெல்லிசாக இருபத்தைந்து, முப்பது தடவை மேல்பூச்சுக் கொடுப்பார்கள். நிறங்களுக்கு வேப்பம் பிசின் பசை. சிவப்பும் மஞ்சளும் கல்லிலிருந்து, கறுப்பு நல்லெண்ணெய் விளக்கின் கரியிலிருந்து. வெள்ளைக்குத் தனி நிறம் கிடையாது, சுவரை அப்படியே விட்டுவிடுவார்கள். அந்த மாடிக்கு எல்லோரையும் விடுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான், ஆனால் நம் மூச்சுக் காற்றின் ஈரமே அதற்குப் பகை என்பதால் குறை சொல்ல மனம் வரவில்லை.

கேள்வி: அப்பா கல் வேலை செய்கிறார். எனக்குக் கலை படிக்க ஆசை. ‘உளி பிடிப்பதுக்கு எதுக்கு காலேஜ்’ என்கிறார் அப்பா. அவர் செய்வது கலையா, தொழிலா?
– ப்ளஸ் டூ மாணவன், மயிலாடி

பதில்: இரண்டும்தான் மக்களே. ஓவியர் தப்பாக வைத்த கோட்டின் மேல் இன்னொரு கோடு போடலாம், களிமண்ணில் குறைந்தால் ஒட்டலாம். கல்லில் எடுத்தது எடுத்ததுதான். மூக்கு நுனி ஒரு நூல் அதிகம் போனால் கல் முழுவதும் வீண். அப்படிப்பட்ட மீடியத்தில் தினமும் வேலை செய்கிற அப்பாவிடம் உட்கார்ந்து, எந்தக் கல்லுக்கு எந்த உளி, தட்டினால் வரும் சத்தத்தில் விரிசலை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று எழுதி வைத்துக்கொள். குமரி முனையில் 2000 ஜனவரி 1 அன்று திறந்த வள்ளுவர் சிலையை உருவாக்கிய கணபதி ஸ்தபதியும் சிற்பிகள் குடும்பத்தில் வந்தவர்தான். 38 அடி பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள், மேலே 95 அடி சிலை பொருளும் இன்பமும், மொத்தம் 133. கணக்கையே வடிவமாக்குவதற்குப் படிப்பும் வேண்டும், உளியும் வேண்டும். அப்பாவிடம் இதைச் சொல்.

ஒரு முறை திருவட்டாறும் போய் வா. ஆதிகேசவப் பெருமாள் கல் அல்ல, கடுசர்க்கரை யோகம் என்கிற கலவை. செதுக்கி எடுக்காமல், சேர்த்துச் சேர்த்து உருவாக்கியது. தண்ணீர் ஆகாது என்பதால் அந்த மூலவருக்கு அபிஷேகம் கிடையாது. மீடியம் பூஜை முறையையே மாற்றியிருக்கிறது பார். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. திருவனந்தபுரத்திலும் உண்டு, உனக்கு அதுதான் பக்கம்.

கேள்வி: மொபைலில் எடுக்கும் போட்டோ கலையில் சேருமா?
– குளச்சல் வாசகர்

பதில்: சேரும். வெளிச்சம்தான் அதன் மீடியம். ஒரே வள்ளத்தைக் காலை ஆறு மணிக்கும் உச்சி வெயிலிலும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: சுவரில் மாட்டிய வாட்டர் கலர் படங்களில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை. என்ன செய்ய?
– வாசகி, குலசேகரம்

பதில்: நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, தாளும் பிசினும் பூஞ்சைக்கு நல்ல தீனி. முப்பது படங்களை இரும்பு பீரோவில் பூட்டி வைத்துவிட்டு ஐப்பசி முடிந்து திறந்தபோது நானும் அழுதிருக்கிறேன். கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் அட்டை மவுண்ட் வையுங்கள். சட்டத்தின் பின் மூலைகளில் சிறு கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று போகும். வெளிப்புறச் சுவரில் மாட்டாதீர்கள். பூஞ்சை பிடித்ததை ஈரத் துணியால் துடைக்கவே கூடாது. நிழலில் நன்றாக உலர்த்தி, மென்மையான காய்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள், அதையும் வீட்டுக்கு வெளியே வைத்துச் செய்யுங்கள்.